பென் டிரைவில் படியெடுத்தல்

ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில், எழுதி முடித்தவுடன் வேலை முடிந்ததாக எவரும் கருதவில்லை. ஒருவர் மூல ஏட்டை வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் புதிய படியில் கண்ணோட்டிப் பார்த்து வருவார். இதனை ஒப்புநோக்குதல் என்பர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து திரட்டிய ஏட்டுப் படிகளை ஒப்புநோக்கியே பாடத்தை உறுதி செய்தார். படியெடுத்தால் பிழை நேரும் என்பதை அவர்கள் முன்னரே ஏற்றுக்கொண்டிருந்தனர். ஆதலின் அதனைத் தேடினர்.

நாம் தேடுவதில்லை. ஓராண்டு உழைத்து எழுதிய ஆய்வேட்டைப் பென் டிரைவில் இடுகிறோம். திரையில் ஓடும் கோடு வலப்புற எல்லையைத் தொட்டதும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறோம். அச்சகத்தில் போய்த் திறக்கும்போதுதான் நமக்கு வியர்க்கிறது.

படியெடுப்பதில் நேரும் தோல்வி இரு வகைப்படும். 'இயலவில்லை' என்று கணினி சொல்லி நின்றுவிடுவது ஒன்று. இஃது எரிச்சலூட்டுமே தவிரப் பெருங்கேடு செய்யாது. மூலம் நம்மிடமே இருக்கிறது, மறுபடியும் முயலலாம். 'முடிந்தது' என்று சொல்லிவிட்டு உள்ளே முடியாமல் இருப்பது மற்றொன்று. அஞ்சத்தக்கது இதுவே, ஏனெனில் அச்சொல்லை நம்பி நாம் மூலத்தை அழித்துவிடுகிறோம். இவ்விரண்டும் எங்கெங்கே பிறக்கின்றன, எந்த வரிசையில் தேடினால் அகப்படும் என்பவற்றை மன்றத்து நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நம்மவர்க்கு இதில் தனிக் கவலையும் உண்டு. கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் முதலிய எல்லைப்புற ஊர்களிலிருந்து இங்கு வந்து பயில்வோர் பலருடைய குடும்பங்களுக்கு ஒரு கால் பாலக்காட்டிலும் மறு கால் பொள்ளாச்சியிலும் இருக்கும். தந்தையின் பள்ளிச் சான்று ஒரு மாநிலத்தில். குடும்ப அட்டை மற்றொரு மாநிலத்தில். பிழைப்புக்காக எல்லை கடந்து வந்த என் வீட்டிலும் இதே நிலைதான். அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரே பென் டிரைவில் வைத்துக்கொண்டு அக்ஷயா மையத்துக்கும் கல்லூரி அலுவலகத்துக்குமாக அலைகிறோம். அன்றியும், நம் கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுகிறோம். தமிழில் பெயரிட்டதனாலேயே வரும் தொல்லைகள் சில உள. அவற்றைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவேன்.

முதலில் இப்பொருள் இன்னதென்று காண்போம். மின்சாரம் நின்ற பின்னும் எழுதியதை மறவாத 'ஃபிளாஷ்' நினைவகத்தை 1984இல் உலகுக்கு அறிவித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா. கணினியோடு கருவிகளை இணைக்கும் யூ.எஸ்.பி. முறை 1996இல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னின்றவர் பரோடாவில் பயின்ற அஜய் பட். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 'தம் டிரைவ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அதே ஆண்டில் ஐ.பி.எம். விற்ற கருவியின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று நம் கைப்பேசி எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அது போதாது. இதனை 'விரலி' என்று தமிழில் வழங்குவோரும் உளர். அழகான சொல்தான், ஆனால் கொல்லங்கோட்டுக் கடைத்தெருவில் விரலி கேட்டால் மஞ்சளைத்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். ஆதலின் ஈண்டும் பென் டிரைவ் என்றே எழுதுகிறேன்.

பென் டிரைவினுள் சுழலும் தட்டு ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஒரு சிறு பானை என்று கொள்ளுங்கள். அதில் நிரப்பப்படுவது எலெக்ட்ரான்கள். தொடக்கத்தில் பானை நிறைந்ததா, வெறிதா என்று மட்டுமே பார்த்தார்கள். ஒரு பானைக்கு ஒரு குறிப்பு. பின்னர் மலிவாக மிகுதியாகச் சேமிக்கும் பொருட்டு, ஒரே பானையில் எட்டு வேறு அளவுகளில் நிரப்பி, மூன்று குறிப்புகளை அடக்கக் கற்றனர். கடையில் இன்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இத்தகையனவே. எட்டு அளவு என்றால், சிறிது கசிந்தாலும் ஆறாம் அளவு ஐந்தாம் அளவாகத் தோன்றும் அல்லவா? கசிவை ஈடுகட்டிக் கணக்குப் பார்த்துத் திருத்தும் சிறு சில்லு ஒன்று உள்ளேயே இருக்கிறது. அழித்து எழுத எழுதப் பானையின் சுவர் தேய்கிறது. வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயிலில் நிறுத்திய வண்டியின் முகப்பில் பென் டிரைவை வைத்துவிட்டுப் போவது அதற்கு நல்லதன்று.

இனிக் கோளாறுகளைத் தேடுவோம். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற விதி ஒன்றே இங்கும் பொருந்தும்: ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பென் டிரைவையும் கணினியையும் கோப்பையும் ஒருங்கே மாற்றிவிட்டு, 'இப்போது சரியாகிவிட்டது' என்பவருக்குக் கோளாறு எங்கிருந்தது என்பது என்றும் தெரியப்போவதில்லை.

பாதையிலிருந்து தொடங்குக. யூ.எஸ்.பி. முனையில் நான்கு பொன்னிறத் தகடுகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். புறத்தே உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு; அகத்தே உள்ள இரண்டும் தரவுக்கு. புறத்தகடுகள் சற்று நீளமானவை. மின்சாரம் முதலில் சேரட்டும் என்று அவ்வாறு அமைத்தார்கள். ஆதலின் முனை அரைகுறையாகச் செருகப்பட்டால் விளக்கு எரியும். ஆனால் கணினிக்குப் பென் டிரைவ் தென்படாது. மழைக்கால ஈரத்தில் தகடுகள் களிம்பேறினாலும் இதே நிலைதான். உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் அழுத்திச் செருகினாலே சில பென் டிரைவுகள் உயிர்பெறும். மேசைக் கணினியாயின் முன்புறத் துளையை விட்டுப் பின்புறத் துளையில் செருகிப் பாருங்கள். முன்புறத் துளைக்கு உள்ளே ஒரு நீண்ட கம்பி போகிறது; பின்புறத் துளை தாய்ப்பலகையிலேயே இருக்கிறது. கைப்பேசியையோ வன்தட்டையோ கம்பியால் இணைப்பவர்கள், அக்கம்பி மின்னேற்றுவதற்கு மட்டுமே ஆனதா என்றும் பார்க்க வேண்டும். தரவுக்குரிய இரண்டு கம்பிகளே இல்லாத இணைப்புகள் மலிவாக விற்கப்படுகின்றன.

வெளிப்புற வன்தட்டுக்கு மற்றொரு குறை உண்டு. யூ.எஸ்.பி. 2.0 துளை தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே, 3.0 துளை 900 தரும். தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் இதைவிட மிகுதியாக இழுக்கக் கூடும். 'டக், டக்' என்று ஓசை எழுப்பி, தோன்றித் தோன்றி மறையும் வன்தட்டுக்கு எப்போதும் நோய் இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை; சில வேளைகளில் பசிதான் காரணம். ஆயினும் வேறு துளையிலும் அவ்வோசை கேட்குமாயின் அதற்குமேல் ஓடவிடாதீர்கள்.

கம்பியின் குறையால் எழுத்து மாறிப் படிவது அரிது என்பதையும் சொல்ல வேண்டும். யூ.எஸ்.பி. வழியே போகும் தரவு சிறு சிறு பொதிகளாகப் போகிறது. ஒவ்வொரு பொதியோடும் ஒரு சரிபார்ப்பு எண் செல்கிறது. எண் பொருந்தாவிட்டால் பொதி மறுபடியும் அனுப்பப்படும். ஆகவே கெட்ட பாதை தரவைத் திரிப்பதைக் காட்டிலும், வேகத்தைக் குறைப்பதும் இணைப்பை அறுப்பதுமே மிகுதி. லினக்ஸில் 'டி.எம்.ஈ.எஸ்.ஜி.' என்னும் ஆணையை இட்டால் கணினி தன் நாட்குறிப்பைக் காட்டும். அதில் 'ரீசெட்' என்ற சொல்லும், கழித்தல் 71 என்ற பிழை எண்ணும் திரும்பத் திரும்ப வந்தால் பாதையை முதலில் ஐயுறுக. விண்டோஸில் 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று முடியும் செய்தி வந்தால் நிலைமை வேறு. பெரும்பாலும் சேமித்த இடத்திலிருந்தே படிக்க இயலவில்லை என்பது அதன் பொருள்.

பாதை நன்றாயின் அடுத்துக் காண வேண்டியது கணக்கு. வயலில் நெல் விளைகிறது. யார் நிலம் எதுவரை என்பது அடங்கலில் இருக்கிறது. பென் டிரைவிலும் தரவு ஓரிடத்தில் கிடக்க, எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்ற கணக்கு வேறோரிடத்தில் எழுதப்படுகிறது. இதுவே கோப்பு முறைமை. பழகிய பெயர்கள் மூன்று: ஃபேட்-32, எக்ஸ்ஃபேட், என்.டி.எஃப்.எஸ்.

கொல்லங்கோட்டிலிருந்து வரும் தமிழ் முதுகலை மாணவர் ஒருவர் தம் ஊர் மூதாட்டியர் பாடிய நடவுப் பாடல்களைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிந்திருந்தார். நடவு இயந்திரம் வந்தபின் அப்பாடல்களைப் பாடுவோர் அருகிவிட்டனர். இடையில் நிறுத்தாமல் ஐம்பது நிமிடம் பதிந்த ஒரே கோப்பு, 6 கிகாபைட்டுக்கு மேல். அவருடைய பென் டிரைவிலோ 28 கிகாபைட் வெற்றிடம். இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. இடம் போதவில்லை போலும் என்று எண்ணி, அதிலிருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே இருந்தாராம். பாதி அழித்த பின்னர்தான் என்னிடம் வந்தார்.

இடத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஃபேட்-32 முறைமையில் ஒரு கோப்பின் நீளத்தை எழுத ஒதுக்கிய கட்டம் 32 பிட் உடையது. அதில் எழுதக் கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேற்பட்ட பைட்டுகள் கொண்ட கோப்பை, பென் டிரைவு முழுதும் வெறுமையாகக் கிடந்தாலும், கணக்கில் எழுத முடியாது. பல கைப்பேசிகளில் முழு உயர்தெளிவுக் காணொளி நொடிக்கு ஏறத்தாழ 17 மெகாபிட் வீதம் பதிவாகிறது. அக்கணக்கில் அரை மணிக்குச் சற்று மேற்பட்ட பதிவே இவ்வெல்லையைக் கடந்துவிடும். வழிகள் இரண்டு. கோப்பைத் துண்டுகளாக வெட்டிக் கொண்டுபோய் மறுபுறம் ஒட்டலாம். அன்றேல், பென் டிரைவிலுள்ளவற்றை வேறிடத்தில் பத்திரப்படுத்திய பின் அதனை எக்ஸ்ஃபேட் முறைமைக்கு மாற்றியமைக்கலாம். அவ்வாறு மாற்றும்போது பழையன யாவும் போய்விடும் என்பதை மறவாதீர்கள். லினக்ஸின் கருவகம் 2019இல் வந்த 5.4 பதிப்பிலிருந்துதான் எக்ஸ்ஃபேட்டைத் தானே படிக்கத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட கணினிகளில் தனியாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். அழித்த படங்களில் பெரும்பாலானவற்றை 'போட்டோரெக்' என்னும் இலவச மென்பொருள் மீட்டுத் தந்தது. அடங்கலில் பெயரை அடித்துவிட்டதனால் வயல் உடனே மறைந்துவிடாது. புதியது எழுதப்படும் வரை பழையது கிடக்கும்.

லினக்ஸைப் பற்றிப் பேச்செடுத்ததற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும், 2017இல் அதன் வழிவந்த 'கைட்' நிறுவனமும் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளையே நிலைநாட்டின. சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்ற நண்பர்கள் முதன்முதல் தொட்ட கணினி, உபுண்டுவின் வழிவந்ததாகவே இருந்திருக்கும். அச்சகத்திலும் கணினி மையத்திலும் இருப்பதோ விண்டோஸ். நம் பென் டிரைவு இவ்விரண்டு நாடுகளுக்கிடையே நாள்தோறும் எல்லை கடக்கிறது. எல்லைக்குரிய தொல்லைகளும் அதற்கு உண்டு.

அவற்றுள் தலையாயது பிடுங்கும் பழக்கம். லினக்ஸ் கணினி, பென் டிரைவின் மந்தத்தை அறியும். ஆதலின் தரவை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, 'முடிந்தது' என்று கோட்டை ஓட்டிக் காட்டிவிட்டு, பின்னர் மெல்ல மெல்லப் பென் டிரைவுக்கு இறைக்கிறது. மலிவான பென் டிரைவு நொடிக்கு 8 மெகாபைட் எழுதுமாயின், 6 கிகாபைட் எழுத 12 நிமிடத்துக்கு மேலாகும். திரையில் கோடு அதற்கு முன்னரே முடிந்துவிட்டது போலத் தோன்றலாம். அந்நேரத்தில் பிடுங்கினால் கோப்பின் பெயர் இருக்கும், நீளமும் சரியாக இருக்கக் கூடும், உள்ளே பிற்பகுதி இராது. 'எஸ்.ஒய்.என்.சி.' என்னும் நான்கெழுத்து ஆணையை இட்டுக் காத்திருங்கள். நினைவகத்திலுள்ளது முழுதும் இறங்கிய பின்னரே அது விடை தரும். அல்லது 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்தி, அகற்றலாம் என்ற செய்தி வரும்வரை பொறுங்கள். விண்டோஸ் 10இல் 2018ஆம் ஆண்டின் 1809 பதிப்பு முதல் உடனுக்குடன் எழுதும் முறையே இயல்பாக்கப்பட்டது. அங்கே பிடுங்கிப் பிழைத்தவர்கள் அந்தத் துணிச்சலை லினக்ஸுக்கும் கொண்டுவருகிறார்கள்!

இடையில் பிடுங்கியதாலோ மின்வெட்டாலோ கணக்கு அரைகுறையாக நின்றுவிட்டால், லினக்ஸ் அப்பென் டிரைவைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிடும். புதிதாக எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இதனைக் கண்டு பென் டிரைவு செத்தது என்று குப்பையில் எறிந்தோரை அறிவேன். அப்பூட்டு ஒரு காவல்; கணக்குக் குழம்பியிருக்கும்போது மேலும் எழுதிக் கெடுத்துவிடாதே என்பது அதன் கருத்து. முதலில் உள்ளவற்றைப் படியெடுத்துக்கொண்டு, பின் விண்டோஸில் இயக்ககத்தின் பண்புகளுக்குள் இருக்கும் பிழை சரிபார்ப்பை ஓட்டினால் பெரும்பாலும் பூட்டுத் திறக்கும்.

இனிப் பெயர்களைப் பற்றி. இதற்காகவே இக்கட்டுரையை எழுதினேன் என்றாலும் தவறில்லை.

லினக்ஸின் வழக்கமான முறைமையாகிய எக்ஸ்ட்-4, ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட் இடம் தருகிறது. விண்டோஸ் முறைமைகளும் 255 என்றே சொல்லும். ஆனால் அங்கே எண்ணப்படுவது பைட் அன்று, குறியீடு. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இரண்டும் ஒன்றே, ஏனெனில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு அப்படியன்று. ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளி தனிக் குறியீடு. கொம்பும் காலும் தனிக் குறியீடுகள். 'கொல்லங்கோடு' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அஃது ஆறெழுத்து: கொ, ல், ல, ங், கோ, டு. ஒருங்குறிக் கணக்கில் 11 குறியீடுகள்; பைட் கணக்கில் 33. ஆகவே 255 பைட் என்பது தமிழில் 85 குறியீடுகள், நம் எழுத்துக் கணக்கில் ஏறத்தாழ 45 எழுத்துகள். அதற்குள் பெயர் முடிந்துவிட வேண்டும்.

நாம் அவ்வளவில் முடிப்பவர்களா? ஊர், பொருள், பாடியவர், பதிந்த நாள் எல்லாவற்றையும் கோர்த்து ஒரே பெயராக வைக்கிறோம். விண்டோஸ் கணினியில் அதை ஏற்றுக்கொள்ளும். பென் டிரைவும் ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் கணினியில் இறக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று அந்தக் கோப்பு மட்டும் நின்றுவிடும். நூறு கோப்புகளை ஒருங்கே இறக்கும்போது ஒன்றிரண்டு இவ்வாறு விடுபட்டால், வந்த செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவோரே மிகுதி. மறுபுறம், விண்டோஸில் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிக்கொண்டே போனால், முழுப் பாதையின் நீளம் 260 குறியீடுகளைத் தாண்டுமிடத்தில் அங்கும் தடை வரும்.

மற்றொன்று இதைவிட நுட்பமானது. 'கொ' என்பதைக் கணினி இரு வகையில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி என ஒன்றைச் சேர்ப்பது ஒரு வகை. ககரத்தோடு ஒற்றைக் கொம்பைச் சேர்த்து, பின்னர்க் காலைத் தனியே சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணால் வேறுபாடு காண முடியாது. ஆனால் பைட்டுகள் வேறு. 'கோ'வுக்கும் இப்படியே. ஆகவே பிரித்தெழுதும் வகையில் கொல்லங்கோடு 13 குறியீடுகளாகவும் 39 பைட்டுகளாகவும் வீங்கிவிடுகிறது. 2017இல் ஏ.பி.எஃப்.எஸ். வருமுன் மேக் கணினிகள் கையாண்ட முறைமை, பெயர்களைப் பிரித்தே எழுதி வைத்தது. அத்தகைய மேக்கில் சிப் பொதியாகக் கட்டிய கோப்புகளை லினக்ஸில் விரித்தால், ஒரே கோப்புறையில் 'கொல்லங்கோடு' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்பதைக் காணலாம். தேடினால் ஒன்று அகப்படும், மற்றொன்று அகப்படாது. பழையது எது, திருத்தியது எது என்று தெரியாமல் ஒன்றை அழித்தால், அழிந்தது திருத்தியதாகவும் இருக்கலாம். ஒகர, ஓகார, ஔகார வரிசை எழுத்துகள் மட்டுமே இவ்வாறு பிரிபவை; நம் ஊர்ப் பெயரில் அவற்றுள் இரண்டு வாய்த்திருக்கின்றன.

மூன்றாவது, குறிகள். லினக்ஸில் 'நடவு 10:30' என்று பெயரிடத் தடையில்லை. பென் டிரைவின் ஃபேட் முறைமையோ முக்காற்புள்ளியையும் வினாக்குறியையும் பெயரில் ஏற்பதில்லை. எனவே மணியைப் பெயரில் எழுதியவர்களின் கோப்புகள் மட்டும் ஏற மறுக்கும். அவற்றின் பெயரில் முக்காற்புள்ளிக்குப் பதில் சிறு கோடு இட்டால் போதும். அடுத்த முறை ஏறிவிடும்.

தமிழில் பெயரிடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயரைச் சுருக்கமாக வையுங்கள். விரிவான செய்திகளை உள்ளே ஒரு குறிப்புக் கோப்பில் எழுதுங்கள். நீண்ட பெயர்களை மாற்ற மனமில்லையாயின், எல்லாவற்றையும் ஒரே சிப் பொதியாகக் கட்டி, பொதிக்குக் குறும்பெயரிட்டுக் கொண்டுசெல்லுங்கள். ஆயினும் இறங்குமிடத்தில் பொதியை விரிக்கும்போது அதே எல்லை காத்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எழுத்து முழுதும் வந்து சேர்ந்தும் படிக்க முடியாமல் போவதும் உண்டு. மாமா காலத்துக் கட்டுரைக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். பென் டிரைவு கெடுத்துவிட்டது என்பர். பென் டிரைவு பாவம். ஒருங்குறி பரவுமுன் திஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம், இன்னும் பாமினி முதலிய பற்பல எழுத்துரு முறைகள் வழங்கின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் திஸ்கியில் வந்து பின்னர் ஒருங்குறிக்கு மாறியவையே. அவ்வகைக் கோப்புக்கு வேண்டுவது எழுத்துரு மாற்றி; மறுபடி படியெடுப்பதால் பயனில்லை. கோப்புறைகளெல்லாம் மறைந்து, அதே பெயரில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் தோன்றினால் அது நச்சுநிரலின் வேலை. அச்சின்னத்தைச் சொடுக்காதீர்கள். பென் டிரைவை லினக்ஸ் கணினியில் செருகினால், விண்டோஸ் காட்டாமல் மறைத்த கோப்புறைகள் பெரும்பாலும் வெளிப்படையாகவே தெரியும். இணையத்தோடு தொடர்பற்ற ஈரானின் அணுக்கூடத்தில் 2010இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' நுழைந்தது பென் டிரைவு வழியே என்றால், நம் ஜெராக்ஸ் கடைக் கணினிகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

பென் டிரைவே பொய் சொல்வதும் உண்டு. 8 கிகாபைட் அறைகளே உள்ள கருவியின் சில்லில் 128 என்று எழுதி விற்கிறார்கள். கணினியும் நம்பிவிடுகிறது. முதல் 8 கிகாபைட் வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். அதன்பின் எழுதுவன எங்கும் தங்காமல் போகும், அல்லது முன்பு எழுதியவற்றின் மேலேயே விழும். கோட்டின் ஓட்டத்தில் குறையொன்றும் தெரியாது. புதிதாக வாங்கிய பென் டிரைவை, உள்ளே எதையும் வைக்குமுன், லினக்ஸில் 'எஃப்-3', விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்னும் இலவச மென்பொருள்களால் முழுதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஓரிரவு ஆகலாம், ஆகட்டும்.

மெய்யாகவே சாகும் நிலையிலுள்ள பென் டிரைவானால் ஒரு விதி உண்டு: அதன்மேல் எதையும் எழுதலாகாது. திருத்தும் மென்பொருளும் எழுதவே செய்கிறது. 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்க. 'டிடி-ரெஸ்க்யூ' என்னும் கருவி, படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசியில் பொறுமையாக முயல்கிறது. அதைக்கொண்டு முழுப் பென் டிரைவின் உருவத்தையும் வன்தட்டில் எடுத்துக்கொண்டு, மீட்பு வேலைகளை அவ்வுருவத்தின் மேல் செய்யலாம்.

இப்போது ஒப்புநோக்குதலுக்கு வருவோம். ஒருவர் படிக்க ஒருவர் பார்க்கும் வேலையைக் கணினி ஒரு நொடியில் வேறு வகையில் செய்கிறது. 'ஷா-256' என்னும் முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகளாகச் சுருக்கித் தருகிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64 குறிகளும் முற்றிலும் வேறாகிவிடும். லினக்ஸில் 'ஷா256சம்', விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' என்னும் ஆணைகள் இதற்கென்றே உள்ளன. மூலத்துக்கும் படிக்கும் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டும் ஒத்தால் படி சரி.

இதில் பலர் கவனியாத ஓரிடம் உண்டு. படியெடுத்த உடனே கணக்கிட்டால், கணினி பென் டிரைவைப் படிக்காமல் தன் நினைவகத்தில் மிஞ்சியிருக்கும் பிரதியையே படித்து 'ஒத்தது' என்று சொல்லிவிடக் கூடும். போலிப் பென் டிரைவும் அச்சோதனையில் தேறிவிடும். ஆகவே முறைப்படி அகற்றி, மறுபடி செருகி, அதன் பின்னரே கணக்கிட வேண்டும். இயலுமாயின் வேறொரு கணினியில் செருகிக் கணக்கிடுவது இன்னும் நன்று.

நடவுப் பாடல் நண்பரின் பதிவுகளுக்கு நாங்கள் இருவரும் இவ்வாறே செய்தோம். பதினேழு கோப்புகள். கைப்பேசியில் மூலம் அப்படியே இருக்க, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிய பென் டிரைவில் ஒரு படி, துறைக் கணினியில் ஒரு படி. பெயர்களைச் சுருக்கி, பாடியவர் விவரங்களைக் குறிப்புக் கோப்பில் எழுதினோம். பென் டிரைவை அகற்றிச் செருகிக் கணக்கிட்டபோது பதினாறு ஒத்தன; ஒன்று ஒக்கவில்லை. அக்கோப்பின் பெயரும் நீளமும் சரியாக இருந்தன, திறந்தால் ஓடவும் செய்தது. நாற்பதாம் நிமிடத்துக்குப் பின் படம் உறைந்து நின்றது. மறுபடி படியெடுத்து ஒப்புநோக்கிய பின்னரே அவர் தம் கைப்பேசியிலிருந்து மூலத்தை அழித்தார். அந்தப் பதினேழு எண்களும் இப்போது பதிவுகளோடு ஒரே கோப்புறையில், 'ஒப்பு' என்னும் பெயரில் இருக்கின்றன.